டேப் எடுப்பதற்கு முன்

பாவாடைக்கு இரண்டு அளவு போதும் என்பது அம்மாவின் கணக்கு. இடுப்பு ஒன்று, உயரம் ஒன்று. ஜாக்கெட் என்றால் மார்பு, தோள், கைக்குழி, முன்கழுத்து, பின்கழுத்து என்று நோட்டில் அரைப் பக்கம் நிறையும். உள்பாவாடை தைக்க வருகிறவர்களிடம் அம்மா டேப்பைக்கூடத் தொட மாட்டார். ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உசரம் முப்பத்தாறு, ஆறு பீஸ்" என்று சொல்லிக்கொண்டே துணியின் மூலையில் சாக்குக்கட்டியால் எழுதிவிடுவார். சின்னாளப்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை. பள்ளி விடுமுறைகளில் நானும் அப்படித்தான் தைக்கப் பழகினேன். தில்லிக்குப் போன பிறகுதான் அந்த இரண்டு அளவுக்கும் முன்னால் கேட்க வேண்டியவை எத்தனை இருக்கின்றன என்று தெரிந்தது.

2014 ஜூலையில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் எம்.ஃபில். சேர்ந்தேன். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி ஆய்வு. அப்போது நெட் தேர்வில் உதவித்தொகை பெறாத எம்.ஃபில். மாணவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வரும்; பிஎச்.டி. என்றால் 8,000. மெஸ் பில், மெட்ரோ கார்டு, ஜெராக்ஸ் போக, புதுத்துணி வாங்க மிஞ்சுவது சொற்பம். முதல் குளிர்காலத்தை இரவல் ஸ்வெட்டர்களில் ஓட்டிவிட்டேன். கோடையை இரவல் வாங்கி ஓட்ட முடியவில்லை.

தில்லி வெயில் வேறு ரகம். ஏப்ரல் பிற்பாதியிலேயே 40 டிகிரியைத் தொடும். மே மாதத்தில் 45ஐ எட்டும் நாட்களும் உண்டு. மேற்கே ராஜஸ்தான் பக்கமிருந்து 'லூ' என்னும் அனல்காற்று வீசும். வியர்த்ததே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்து, உப்புத்தான் உடம்பில் மிஞ்சும். ஜூன் கடைசியில் மழை வந்ததும் எல்லாம் தலைகீழாகும். வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும், வியர்வை காயாது. ஊரிலிருந்து நான் கொண்டுபோன சுடிதார்கள் இரண்டு பருவத்துக்கும் உதவவில்லை. காலோடு ஒட்டிய துணிக்குள் காற்று நுழைய வழியில்லை. முழங்காலுக்கு மேல் நிற்கும் உடை காற்றோட்டம்தான். ஆனால் லூ வீசும் வெயிலில் தோலைச் சுட்டுவிடும். பாலைவன ஓரத்துப் பெண்கள் கணுக்கால்வரை காக்ராவைச் சுற்றிக்கொள்வதில் அழகோடு ஓர் அறிவும் இருக்கிறது. அகலமான நீளப் பாவாடை நடக்கும்போது துருத்தி மாதிரி வேலை செய்யும்: ஓர் அடி வைத்தால் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளும், அடுத்த அடியில் புதுக்காற்றை இழுக்கும்.

துணிக்கு சாந்தினி சௌக். விஸ்வவித்யாலயா நிலையத்தில் மஞ்சள் லைனில் ஏறினால் நான்காவது நிலையம். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 17ஆம் நூற்றாண்டில் அமைத்த கடைவீதி. அதில் ஃபதேபுரி மசூதிப் பக்கம் கட்ரா நீல் என்று ஒரு சந்து. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைப்படியில் ஏறி நிற்க வேண்டும். உள்ளே வெள்ளைத் திண்டு போட்ட கடைகளில் பாப்ளின், கேம்ப்ரிக், மல்மல், வாயில் எல்லாம் கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போனால் பூட்டுத்தான் பார்க்கலாம். பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்பதுதான் நான் இந்தியில் சரளமாகக் கேட்கப் பழகிய முதல் கேள்வி. 44 அங்குலப் பன்னாவும் 36 அங்குலப் பன்னாவும் விலையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பாவாடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குத் துணி வித்தியாசம். நான் தமிழ்நாடு என்று தெரிந்ததும் ஒரு கடைக்காரர் சிரித்தார். "துணி உங்க ஈரோட்டிலிருந்துதான் வருது பேட்டா, பூ மட்டும்தான் ஜெய்ப்பூர்ல போடுறாங்க" என்றார்.

தில்லியே ஒரு காலத்தில் துணி நெய்த ஊர். பாரா ஹிந்து ராவ் பக்கம் 1889ல் தொடங்கிய தில்லி கிளாத் மில், சப்ஜி மண்டிப் பக்கம் பிர்லா மில் என்று எங்கள் வளாகத்தின் தெற்கே சங்கொலி கேட்ட பகுதிகள் இருந்தன. முன்னது 1980களின் முடிவில் மூடப்பட்டது. பின்னது, ஆபத்தான 168 தொழிற்சாலைகளை நகரத்தைவிட்டு அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996 ஜூலையில் இட்ட உத்தரவோடு போனது. நான் போனபோது அங்கெல்லாம் துணி விற்பவர்களும் தைப்பவர்களும்தான் இருந்தார்கள்.

எதை வாங்குவது என்பதில் அம்மாவின் பாடம் கை கொடுத்தது. கடை வாசலுக்குத் துணியை எடுத்துப்போய் வெளிச்சத்தில் விரித்து, அடியில் கையை வைக்க வேண்டும். விரல் எண்ணத் தெரிந்தால் லைனிங் வேண்டும். லைனிங் போட்டால் கோடைத் துணி என்ற பேரே கெடும். மல்மல் தொட்டால் பஞ்சு, ஆனால் அந்தச் சோதனையில் தேறாது. ஜூலை ஈரத்தில் காலோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். எனக்கு அமைந்தது கேம்ப்ரிக்: மெலிசு, கொஞ்சம் மொடமொடப்பு, காலிலிருந்து விலகி நிற்கும். வாங்கிய கையோடு வெட்டக் கூடாது. புதுப் பருத்தி முதல் அலசலில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து பங்குவரை சுருங்கும். இரவு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மொட்டை மாடியில் விரித்தால், மே மாதத்தில் நான் கீழே போய் டீ குடித்து வருவதற்குள் காய்ந்திருக்கும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டுவிட வேண்டும்.

இனி வெட்டு. 44 பன்னாவில் இரண்டேகால் மீட்டர். சுருங்கியபின் சுமார் 85 அங்குலம் நிற்கும். அதை இரண்டாக்கினால் ஒவ்வொன்றும் 42க்குக் கொஞ்சம் மேல். முப்பத்தைந்து உயரப் பாவாடைக்கு மேலே எலாஸ்டிக் பட்டிக்கும் கீழே மடிப்புக்கும் போக ஒரு கை அகலம் மிச்சம். பாக்கெட்டுக்கு அது ஆகும். இரண்டு துண்டையும் பக்கத்தில் இணைத்தால் கீழ்ச்சுற்று 86 அங்குலம். இடுப்பு இருபத்தெட்டு முப்பது என்று வைத்தால் மூன்று பங்குச் சுருக்கு. பேட்டர்ன் பேப்பரே வேண்டாம். கத்தரிகூட அதிகம் வேண்டாம்: கரையில் ஒரு வெட்டுக் கொடுத்துக் கிழித்தால் கேம்ப்ரிக் நூல் பிடித்து நேராகக் கிழியும். கதரில் அந்த வித்தை பலிக்காது. குறுக்கே ஓர் இழையை உருவி எடுத்து, அது விட்ட கோட்டின்மேல் வெட்ட வேண்டும்.

அம்மாவின் ஆறு பீஸ் பாவாடைக்குக் கணக்கு வேறு. இடுப்பில் சுருக்கு இல்லை, கீழே வீச்சு உண்டு. ஒரு பீஸ் தலைகீழ், ஒரு பீஸ் நேர் என்று மாற்றி மாற்றிப் போட்டு வெட்டினால் துணி வீணாகாது. ஆனால் சாய்ந்த ஓரம் இழுபடும். சாய்ந்ததைக் கீழே வைத்து நேரானதை மேலே வைத்துத் தைக்க வேண்டும். இரண்டு சாய்வையும் சேர்த்தால் தையல் அலையடிக்கும். வட்டப் பாவாடை என்றால் இடுப்பை 6.28ஆல் வகுத்து வருவது உள்வட்டத்தின் ஆரம். இடுப்பு 28க்கு நாலரை அங்குலம். அதைத் தைத்ததும் கீழே மடித்து அடிக்கக் கூடாது. ஒரு நாள் தொங்கவிட்டால் சாய்ந்த இடங்கள் தாமாக இறங்கும். அதன்பின் சமன் செய்து மடிக்கலாம்.

மெஷின் கமலா நகரில் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கிடைத்தது. லூதியானாவில் செய்த பழைய கறுப்புக் கை மெஷின். பலகையோடு தூக்கினால் தோள் இறங்கும் வார்ப்பிரும்பு. விடுதி அறையில் கால் மெஷினுக்கு இடமில்லை, மின்சார மெஷினுக்கு என்னிடம் பணமில்லை. கை மெஷினில் வலக்கை கைப்பிடியைச் சுற்றுவதற்கே சரியாகப் போகும். துணியை ஓட்ட இடக்கை மட்டும்தான். கைக்குழி, கழுத்து வளைவுகளுக்கு அது சித்திரவதை. நீளமான நேர்த்தையல்களுக்கு அதைவிடச் சுகமானது இல்லை. என் மெஷினுக்கு ஏற்ற உடுப்பு பாவாடைதான் என்றும் சொல்லலாம். 14ஆம் நம்பர் ஊசியை எடுத்துவிட்டு 11 போட்டதும் கேம்ப்ரிக்கில் நூல் சுருங்குவது நின்றது. இஸ்திரிக்குத் தரையில் கம்பளி. வெட்டுவதற்கு வராந்தா, அங்கே தரைக்கல் ஒவ்வொன்றும் அடிக்கு அடி சதுரம், கோடு போட்ட மேசையை இலவசமாகக் கொடுத்தது போல.

தையல் மெஷினைப் பற்றிய ஒரு செய்தி தீன் மூர்த்தி வளாகத்து நேரு நினைவு நூலகத்தில் கிடைத்தது. கைத்தறிக்காகக் காந்தி தொகுப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 1924 அக்டோபரில் காந்தி தில்லியில் இருந்தார். இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக 21 நாள் உண்ணாவிரதம் இருந்து முடித்திருந்த நேரம். சாந்திநிகேதன் மாணவர் ஒருவர் அவரைப் பார்க்க வந்து, எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா என்று கேட்டார். என் உடம்பே நுட்பமான இயந்திரம்தான், இயந்திர மோகத்தைத்தான் எதிர்க்கிறேன் என்ற கருத்தில் காந்தி பதில் சொன்னார். விதிவிலக்காக அவர் எடுத்துக் காட்டியது சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்து அலுப்பதைக் கண்ட சிங்கர் அன்பினால் அதைப் படைத்தார் என்பது அவர் சொன்ன காரணம். மாணவர் விடவில்லை: தையல் மெஷின் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே? வேண்டும், ஆனால் அது அரசின் கையில் இருக்க வேண்டும் என்றார் காந்தி.

கேட்டவர் ஜி. ராமச்சந்திரன். பின்னாளில் அவர் மணந்த டாக்டர் சௌந்தரம், டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள். தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இருவரும் 1947ல் காந்திகிராமத்தை நிறுவினார்கள். அது எங்கள் சின்னாளப்பட்டிக்கு அடுத்த இடம். நான் பிறந்ததே அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில்தான். சிங்கரின் வாழ்க்கை வரலாறு அந்த அன்புக் கதைக்கு இடம் தராது. 1851ல் காப்புரிமை வாங்கிய அவர் பணத்தில் குறியாக இருந்தவர். ஆனாலும் யாருடைய அலுப்பை இந்த இயந்திரம் குறைக்கிறது என்று முதலில் பார்த்த காந்தியின் வரிசை எனக்குப் பிடித்திருந்தது. அப்போது விடுதித் தோழிகள் துணியைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் வந்தவள் ரோத்தக்காரி. அவள் பாட்டி 'தாமண்' கட்டியவர். ஹரியானாவில் ஐம்பத்திரண்டு கஜம் என்று பாட்டிலேயே பெருமை பேசும் அந்தப் பாவாடையின் வீச்சை எனக்கு அறை நடுவில் சுழன்று காட்டினாள். அவளுக்கும் அப்படியே வேண்டுமாம். எதில் போவாய் வருவாய் என்று கேட்டேன். ஸ்கூட்டி. எண்பத்தாறு அங்குலச் சுற்றோடு ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் ஒன்று துணி முகத்துக்கு வரும், இல்லை சக்கரத்துக்குப் போகும். ஆகவே ஆறு பீஸ், கீழ்ச்சுற்று எழுபதுக்குள், கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரம். அடியில் சாதா மடிப்புக்குப் பதிலாக நாலு அங்குலத்துக்கு இரட்டைப் பட்டி வைத்தேன். அந்தக் கனம் காற்றில் துணியைக் கீழே பிடித்து நிறுத்தும்.

இம்பால் தோழிக்குப் பாவாடை புதிதில்லை. அவள் ஃபனேக்கைத் தையலே இல்லாமல் சுற்றி, இடுப்பில் ஒரு செருகலில் நிறுத்திவிடுவாள். அவளிடமிருந்துதான் சுற்றுப் பாவாடைக்கு மேல்மடிப்பு எவ்வளவு வேண்டும் என்று கற்றுக்கொண்டேன். மொத்தச் சுற்று இடுப்பைப் போல் ஒன்றரைப் பங்கு; அதற்குக் குறைந்தால் ரிக்ஷாவில் ஏறும்போது விலகும். அவளுக்கு வேண்டியிருந்தது நாடா மட்டும். மெட்ரோ பெண்கள் பெட்டி நெரிசலில் செருகலை நம்ப முடியவில்லை என்றாள்.

மலையாளத் தோழி சக்கர நாற்காலியில் வருபவள். அங்கேதான் அம்மாவின் இரண்டு அளவும் என் கையில் உதிர்ந்தன. நிற்காதவளுக்கு நின்ற உயரம் எதற்கு? உட்கார்ந்தபடியே இடுப்பிலிருந்து முழங்கால் வழியாகக் கணுக்கால்வரை அளந்தேன். பின்னால் இடுப்புப் பட்டி இரண்டு அங்குலம் மேலே ஏற வேண்டும், இல்லாவிட்டால் குனியும்போது இறங்கும். பின்பக்கம் சுருக்கே கூடாது. நாள் முழுவதும் மடிப்பின்மேல் உட்கார்ந்தால் தோல் புண்ணாகும். சுருக்கெல்லாம் முன்னால், முழங்கால் வளையும் இடத்துக்குத் தாராளமாக. பக்கத் துணி சக்கரக் கம்பிக்குள் போகாத அளவுக்கு ஒடுக்கம். பாக்கெட் பக்கத் தையலில் வைத்தால் கை போகாது. தொடைமேல் வெளிப்பாக்கெட்டாக வைத்தேன். அதை அணிந்து பார்த்தவள், "தையற்காரர்கள் எல்லோரும் 'எழுந்து நில்லுங்க' என்றுதான் ஆரம்பிப்பார்கள், சேச்சி" என்று சிரித்தாள்.

அதன்பிறகு டேப்பை எடுப்பதற்கு முன் கேட்பதென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். காலையில் முதலில் எங்கே போவாய்? எதில்? அதிக நேரம் உட்காருவது நாற்காலியிலா, தரையிலா? கையில் என்ன தூக்குவாய்? துணியை யார் துவைப்பார்கள்? பதில் சொல்லும் சாக்கில் ஒவ்வொருத்தியும் தன் நாளை என் கட்டிலில் விரித்துப் போடுவாள்: ஆய்வகத்தில் அமிலம் தெறிக்கும், டியூஷன் எடுக்க முகர்ஜி நகர் போக வேண்டும், வார்டனுக்குத் தெரியாமல் மாடியில் சிகரெட் பிடிப்பேன். ஊர் விட்டு ஊர் வந்து எட்டு மாதமாகப் பக்கத்து அறைக்காரியின் முழுப் பெயர்கூடத் தெரியாமல் இருந்தவளுக்கு, ஒரு கோடைக்குள் வராந்தா முழுவதும் உறவாகிவிட்டது. கூலி என்று சிலர் காசு கொடுத்தார்கள். சிலர் என் கட்டுரையின் ஆங்கிலத்தைத் திருத்தினார்கள். எனக்கு இரண்டும் தேவைப்பட்டது.

என் பாவாடையும் என் நாளுக்கேற்ப மாறியது. நூலகத்தில் மணிக்கணக்காக உட்காருகிறவளுக்கு இடுப்பைச் சுற்றிலும் எலாஸ்டிக் இருந்தால் வயிற்றில் தடம் விழும். நாடா முடிச்சு குத்தும். முன்பக்கம் தட்டையான பட்டி, பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் என்று மாற்றினேன். 2015 அக்டோபரில் நெட் அல்லாதவர்களின் உதவித்தொகையை நிறுத்துவதாகப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) முடிவெடுத்தபோது, ஐ.டி.ஓ. பக்கம் உள்ள அதன் அலுவலக வாசலில் மாணவர்கள் இரவும் பகலுமாக உட்கார்ந்தார்கள். நானும் போனேன். தார்ச் சாலையில் சம்மணம் போட அகலப் பாவாடையைவிட வசதியான உடை கிடையாது. இரவுக் குளிருக்குக் காலைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொள்ளலாம். அங்கே உட்கார்ந்த பிறகு தைத்தவை எல்லாம் அடர்நிறம். பெண்கள் விடுதிகளின் இரவு நேரக் கட்டுப்பாட்டை எதிர்த்து 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் புறப்பட்டதும் அந்த ஆண்டுதான். இரவு ஊர்வலங்களில் இரண்டு கையும் சும்மா இருக்க வேண்டும். தட்டி பிடிக்க ஒன்று, தட்ட இன்னொன்று.

அங்கேதான் பாக்கெட்டின் மகிமை. பக்கத் தையலில் பட்டிக்கு மூன்று அங்குலம் கீழே தொடங்கி, ஆறு அங்குலம் திறப்பு விடுவேன். உள்பையின் அளவுக்கு அணிபவளின் கையையே துணிமேல் வைத்துச் சுற்றிக் கோடு போடுவேன். ஃபோனின் கனம் பக்கத் தையலை இழுத்துத் தொங்கவைக்கும் என்பதால், பையின் மேல்நுனியை இடுப்புப் பட்டிவரை கொண்டுபோய் அதிலேயே சேர்த்துத் தைத்துவிட வேண்டும். சுமையைப் பட்டி தாங்கும், பாவாடை கோணாது. கடையில் வாங்கும் பாவாடைகளில் இந்த ஒட்டுத் தையல் இருக்காது. பெரும்பாலானவற்றில் பாக்கெட்டே இருக்காது.

அடுத்த மே மாதம் அம்மா தில்லிக்கு வந்தார். கையோடு ஒரு சுங்குடிச் சேலை, எனக்குக் கட்ட. அதை நான் குறுக்கே வெட்டி இரண்டு பாவாடை ஆக்கினேன். சேலையின் அகலம் பாவாடையின் உயரமாகும், கரை அடியில் வந்து நிற்கும், கீழே மடித்து அடிக்கும் வேலையே இல்லை. முதலில் வயிறெரிந்தவர், தைத்து முடித்ததும் கரையைத் தடவிப் பார்த்து, "மடிப்புக் கூலி மிச்சம்" என்றார். பிறகு பக்கத் தையலுக்குள் கை போனது. உள்ளே விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். ரயிலில் வரும்போது பணத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு இரண்டு இரவு தூங்காமல் வந்தவர் அவர். ஊருக்குத் திரும்பும்போது அவருடைய உள்பாவாடைக்கு உள்ளே ஜிப் வைத்த ஒரு பை தைத்துக் கொடுத்தேன்.

இப்போது சின்னாளப்பட்டியில் அம்மாவிடம் உள்பாவாடைக்கு வருகிறவர்கள் பூக்கடைக்காரர்கள், தறிக்காரர் வீட்டுப் பெண்கள், திண்டுக்கல் பஸ்ஸில் தினம் வேலைக்குப் போகிறவர்கள். இடுப்பில் சுருக்குப் பை செருகிய தலைமுறை போய்விட்டது. ஃபோன் வைக்க இடம் வேண்டும். ஆளைப் பார்த்து அளவு எழுதும் வித்தையை அம்மா விடவில்லை. அதற்கு முன்னால் "பஸ்ல போவியா, வண்டியில போவியா?" என்று மட்டும் கேட்கிறார். பஸ் என்றால் பை இடப்பக்கம் உள்ளே, ஜிப்போடு. வண்டி என்றால் முன்பக்கம். பைக்குத் தனியாக இருபது ரூபாய். அதில் எனக்குப் பங்கு உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். "கத்துக்குடுத்தது யாரு?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.